மைக்கில் சொன்ன பெயர்

நான் பந்து வீசிய காலத்தில் என் பெயரை ஒருவரும் மைக்கில் சொன்னதில்லை. 'பேரணாம்பட்டு பவுலர்' என்பார்கள், அவ்வளவுதான். முழங்கால் போன பிறகு ஆம்பூர் டோர்னமென்ட்டுகளில் வர்ணனை செய்ய வந்தேன். ஒவ்வொரு ஆட்டக்காரரையும் பெயர், ஊர், வேலை பார்க்கும் இடம் எல்லாம் சேர்த்தே சொல்வேன். அதில் எனக்கொரு பெருமை.

அன்று கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து ஜெயிக்க வைத்தான் தாமஸ். "ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷன் தாமஸ்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆட்டம் யூடியூபில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு அவன் ஆட வந்தது எனக்குத் தெரியாது. அவனுடைய சூப்பர்வைசர் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன்.

"விடுங்கண்ணா, வேணும்னேவா சொன்னீங்க?" என்றான். பிறகு மெதுவாக, "அந்த வீடியோவ அம்மா தெனம் போட்டுப் பாக்குது. எம்பேர் வர்ற எடத்த மட்டும்" என்றான்.

இப்போது சட்டை எண்ணை மட்டும்தான் சொல்கிறேன். சிக்ஸர் அடிக்கும் ஒவ்வொருவனும் ஒரு கணம் மைக் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். எதற்கென்று எனக்குத் தெரியும். நான் குனிந்துகொள்கிறேன்.