இடது புருவத்துத் தழும்பு

போன செவ்வாய்க்கிழமை ஃபேரர் பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். எதிர் ஸீட்டில் ஒரு பெண். மடியில் ஆபீஸ் பை, கண்ணில் அரைத் தூக்கம். கை சும்மா இருக்குமா? நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டேன்.

விழித்தவள் எட்டிப் பார்த்தாள். நல்லவேளை, கோபப்படவில்லை.

"நல்லா இருக்கு அங்கிள். தாடைக்குக் கீழ இந்த டபுள் சின்னை மட்டும் எடுத்துடுங்க லா."

ரப்பரைக் கையில் எடுத்துவிட்டேன்... அப்போதுதான் மணியம் ஞாபகத்துக்கு வந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. பகலில் சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவேன். மாலையில் முகங்கள் வரைவேன். என் பென்சிலுக்கு எல்லோரும் அழகர்கள்தான். பருவைத் துடைப்பேன், ஒட்டிய கன்னத்தை நிரப்புவேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு.

மணியம் என் கூட்டாளி, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். ஞாயிறு வந்தால் இருவரும் பஸ் பிடித்து புக்கிட் தீமா ஏறப் போய்விடுவோம். அதை மலை என்று சொன்னால் ஊரிலிருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அது இமயம். உச்சியில் காற்று வாங்கிக்கொண்டு கோப்பி குடித்த சுகம் இருக்கிறதே — இன்று என் முட்டிகளிடம் சொன்னால் அழும்.

ஊரில் அவன் அம்மா, மகனைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, ஒரு படம் அனுப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஸ்டூடியோவில் ஃபிளாஷ் அடித்தால் இவன் கண்ணை மூடிவிடுவான். மூன்று தடவை எடுத்தும் அதே கதை. கண் மூடிய படத்தைப் பெற்றவளுக்கு அனுப்ப முடியுமா?

"நீயே வரைஞ்சு குடுத்துடு" என்றான்.

வரைந்தேன். வழக்கம்போல் கன்னத்தை நிரப்பினேன். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து இடது புருவத்தில் வாங்கிய தழும்பை விட்டுவிட்டேன். மணியத்துக்கே தன்மேல் ஆசை வந்துவிட்டது.

பதில் வந்தது. யாரையோ விட்டு எழுதியிருந்தாள். ஆனால் கடிதம் மகனுக்கு அல்ல — 'என் மகனோடு இருக்கிறவர்களுக்கு' என்று ஆரம்பித்தது.

"படத்துல இருக்கிறது யாரு? என் புள்ளைக்குப் புருவத்துல தழும்பு உண்டு. அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு, மறைக்கிறீங்க. உண்மையச் சொல்லிடுங்க."

மணியத்துக்கு எழுதத் தெரியாது. அவன் கடிதங்களை எழுதுவதும் நான்தான். ஆக, கையெழுத்தும் சாட்சிக்கு வராது.

"நான் உசுரோட இருக்கேன்னு அம்மாவுக்கு எப்படிடா சொல்றது?" என்று கேட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு என்னோடு மலை ஏறினான். உச்சியில் பாறைமேல் உட்கார்ந்தான். நெற்றியில் ஒட்டிய முடி, விரிந்த காது, குழி விழுந்த கன்னம், அந்தத் தழும்பு. எதையும் விடாமல் வரைந்தேன். அனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்து வந்த கடிதம் முழுக்கத் திட்டு.

"எலும்பும் தோலுமா இருக்கியே. வெயில்ல எங்கடா சுத்துறே? எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறதில்லையா?"

"இன்னொரு வாட்டி படி" என்றான் மணியம். நாலு வாட்டி படித்தேன். நாலாவதில் இருவரும் அழுதுவிட்டோம். அழகு ஊருக்கு, தழும்பு வீட்டுக்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ரயிலில் ரப்பரைப் பைக்குள் போட்டேன். பக்கத்தைக் கிழித்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

"என்ன அங்கிள், அப்படியே இருக்கு?"

"இருக்கட்டும்மா. உங்க அம்மா தேடுவாங்க."