ஊசி போட்ட மூன்றாம் நாள்

முடிச்சூரில் எட்டுப் பசுக்கள் வைத்து அக்கம்பக்க அடுக்குமாடிகளுக்குப் பால் ஊற்றுகிறோம். காசநோய்ப் பரிசோதனைக்காக மாடுகளின் கழுத்தில் ஊசி போட்ட கால்நடை மருத்துவர், நோயைக் காட்டும் வீக்கம் அங்கே இருக்கிறதா என்று மூன்றாம் நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அன்றுதான் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஊசிக்குத் தேதி குறித்தபோது நான் அதை யோசிக்கவில்லை.

“மாடெல்லாம் நல்லாத்தானே கீது? அடுத்த வாரம் வரச் சொல்லு. அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?” என்றார் கணவர்.

“வீக்கம் வடிஞ்சப்புறம் வந்து இன்னாத்த பார்ப்பாரு? நீங்க போய்ட்டு வாங்க” என்று நான் தங்கிவிட்டேன்.

அதிகம் கறக்கும் பசுவின் கழுத்து வீங்கியிருந்தது. அன்றே அதைத் தனியே கட்டி, அதன் பாலை விற்பதை நிறுத்தினோம். இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனையில் மற்ற ஏழுக்கும் நோயில்லை என்று தெரிந்தது. “அவ வராததே நல்லதாப் போச்சுக்கா” என்று கணவரே தன் அக்காவுக்குப் போன் செய்தார்.

இப்போதெல்லாம் பரிசோதனைக்குத் தேதி குறிக்குமுன் காலண்டரில் மூன்றாம் நாளைத்தான் முதலில் பார்க்கிறேன்.