நூற்றுப் பதினான்காவது ஆள்

எங்கள் தெருவில் என் மாமனாருக்கு ஆபீசர் என்று பெயர். பட்டாளத்தில் அவர் ஆபீசராக இருந்ததில்லை, கிளார்க்காக இருந்தார். ஆனால் யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, குறைந்தது மூன்று தப்பாவது கண்டுபிடிக்காமல் திருப்பித் தரமாட்டார். நான் மளிகைக்கு எழுதும் சீட்டுக்கும் விதிவிலக்கு கிடையாது. "உப்பு எத்தனைன்னு போடலையேம்மா, லாரியிலயா வரப்போகுது?" என்பார். கல்யாணமாகி வந்த புதிதில் இதற்காக அழுதிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். அளவு எழுதும் நோட்டை மட்டும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்வேன்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு மனக்குறை. இருபத்தேழு வருஷத்துக்கு முன் அவருடைய பட்டாளக் கம்பெனி ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிமலை மேல் ஒரு முகாமில் கிடந்தது. தொண்ணூற்றேழு நாள். அங்கே தொண்ணூறு நாளுக்கு மேல் இருந்தவர்களுக்கெல்லாம் பிற்பாடு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். சமையல்காரருக்குக் கிடைத்தது. முடி வெட்டுகிறவருக்குக் கிடைத்தது. வயிற்றுவலி என்று பாதி நாள் படுத்தே கிடந்த ஒருவருக்கும் கிடைத்தது. மாமாவுக்குக் கிடைக்கவில்லை. கேட்டால், பதிவேட்டின்படி அவர் மலை ஏறவே இல்லையாம், அடிவாரத்திலேயே இருந்தாராம்.

அவர் முப்பத்தொரு மனு எழுதினார். கூட இருந்த மூன்று பேர் சாட்சிக் கடிதம் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: தங்கள் பணி அந்த முகாமில் பதிவாகவில்லை, ஆவணச் சான்று இருந்தால் அனுப்பவும்.

"ஆவணமே அவனுங்ககிட்டதானேம்மா இருக்கு! எவனோ ஒரு தூங்குமூஞ்சி என் பேரை விட்டுட்டான். அவனால எனக்கு இந்தக் கதி" என்பார். அந்தத் தூங்குமூஞ்சி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. அத்தைதான் பொறுக்கமாட்டாமல், "விடுங்களேன், மெடலை வச்சு நாக்கு வழிக்கவா போறீங்க?" என்பார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு நாள் வரைக்கும். அந்தக் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். எல்லாரும் பதக்கம் குத்திக்கொண்டு வருவார்கள். அங்கே ஒருவர், "நீ எப்பய்யா மலைக்கு வந்த?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். மாமா வீட்டுக்கு வந்து, போட்டிருந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "மெடலுக்கு இல்லம்மா. நான் அங்க இருந்தேன். இருந்தேன்னு யாராவது ஒருத்தர் எழுதித் தரணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. நானும் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு புது ஏற்பாடு வந்தது. பதிவைத் திருத்தக் கேட்பவர்கள் முன்கூட்டியே நாள் வாங்கிக்கொண்டு நேரில் போனால், பழைய கோப்புகளைப் பார்க்கலாம். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காது, எப்போதுமே கிடைக்காது. தையல் மிஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு நானே மாமாவோடு போனேன்.

பட்டாள ஆவணக் காப்பகத்தில் பையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். சட்டைப் பையிலிருந்த பேனா போனதும் மாமா பாதி ஆளாகிவிட்டார். நீளமான மேஜை, மேலே மின்விசிறி இல்லை, காகிதம் பறக்குமாம். பொறுப்பிலிருந்த மேடம் முதலில் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ஒரு கட்டம்: பிழைக்குப் பொறுப்பானவர், தெரிந்தால். மாமா யோசிக்கவே இல்லை. 'ஆவணக் காப்பகத்தின் அலட்சியம்' என்று அழுத்தி எழுதினார். மேடம் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டு, கோப்புப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

முதல் காகிதக் கட்டிலேயே மலைக்குப் போனவர்களின் பட்டியல் இருந்தது. மூன்று பக்கம், நூற்றுப் பதின்மூன்று பெயர். மாமா அதைக் கையில் எடுத்ததுமே முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா! டைப் அடிச்சிருக்கான் பாரும்மா. மார்ஜின் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. ஒரு எழுத்து அழிச்சிருக்கானா பாரு. இப்பல்லாம் யாருக்கு வரும் இந்த வேலை?"

அப்படியே விரலை வைத்துக்கொண்டு இறங்கினார். அவர் பெயர் இல்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில், அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே, ஓரமாக இரண்டே இரண்டு எழுத்து இருந்தது. டைப் அடித்தவர் தன் அடையாளத்துக்குப் போடுவது. விரல் அங்கே வந்து நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன மாமா?"

"நான் அடிச்சதும்மா இது" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். கிளம்புகிற அன்று காலையில் ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தன் ஆட்களின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்களாம். இவர் அதையெல்லாம் சேர்த்து அடித்திருக்கிறார். கிளார்க் எந்தப் பிரிவிலும் சேர்த்தி இல்லை. அவர் பெயரை எந்தச் சீட்டிலும் யாரும் எழுதமாட்டார்கள். கடைசியில் அவரே நினைவாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளியே லாரி உறுமிக்கொண்டு நின்றது. டைப்ரைட்டரையும் பெட்டியில் கட்டி ஏற்றியாக வேண்டும். தாளை உருவிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை, மேஜையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"மாமா, உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வீட்டுல அத்தனை பேருக்கும் தச்சுக் கொடுத்துட்டு, நான் மட்டும் பழைய ஜாக்கெட்டோட நின்னேனே, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரிதான் இதுவும்."

"அது வேறம்மா" என்றார்.

மேடம் நல்ல மாதிரி. மெதுவாகத்தான் சொன்னார். "ஐயா, நீங்க ஏன் லிஸ்ட்ல இல்லைன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க அங்க இருந்தீங்கன்னு இதுல இல்லையே. வேற கட்டும் பாருங்களேன்."

அடுத்த கட்டை நான்தான் பிரித்தேன். மாமா கை மேஜைமேல் சும்மா கிடந்தது. அது முகாமின் சாப்பாட்டுக் கணக்கு. வாரம் ஒரு தாள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற இடத்தில் முதல் வாரம் நூற்றுப் பதினான்கு. இரண்டாம் வாரமும் அதே. கடைசி வாரம் வரைக்கும் அதே எண்தான்.

"மாமா, ஆள் நூத்திப் பதிமூணு, சாப்பாடு நூத்திப் பதினாலு!" என்று கத்தியே விட்டேன். மேடமே எழுந்து வந்துவிட்டார்.

சந்தோஷப்படுவதற்குள் அதன் பின்னால் இருந்த தாள்கள் கண்ணில் பட்டன. அது ஒரு விசாரணை. மலையிலிருந்து இறங்கி எட்டு மாதம் கழித்து நடந்திருக்கிறது. அதற்குள் மாமா வேறு இடத்துக்கு மாற்றலாகிவிட்டார். பட்டியலில் இல்லாத ஒருவருக்குத் தொண்ணூற்றேழு நாள் சாப்பாடு எப்படிப் போனது என்று, முகாமில் சாப்பாட்டைப் பங்கிட்டுக் கணக்கு வைத்த ஸ்டோர்க்காரரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தார்: தட்டை நீட்டியவர்களுக்குக் கொடுத்தேன். பெயர் கேட்டுக் கொடுக்கும் வழக்கம் இல்லை.

அவரை யாரும் நம்பவில்லை. ஒரு ஆள் சாப்பாட்டைத் தினமும் அதிகமாக எடுத்திருக்கிறார் என்று அவருடைய பதிவேட்டில் எழுதி, அவருக்கு வரவேண்டியிருந்த நன்னடத்தைப் பதக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

"நூத்திப் பதினாலாவது ஆள் யாருன்னு இந்த ஃபைல் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே இருந்திருக்கு, ஐயா" என்றார் மேடம். பிறகு செய்யவேண்டியதைச் சொன்னார். அந்த ஸ்டோர்க்காரர் உயிரோடு இருந்தால், இன்னார்தான் அந்த ஆள் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போது இரண்டு பேருடைய பதிவையும் சேர்த்தே திருத்தலாம்.

முன்னாள் படைவீரர் சங்கத்தில் விசாரித்தோம். இருக்கிறார், இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில். முகவரி கிடைத்து ஒரு வாரமாகியும் மாமா கிளம்பவில்லை. மளிகைச் சீட்டில் கைவைப்பதைக்கூட விட்டுவிட்டார். எனக்கே பயமாகிவிட்டது.

"விட்டுரலாம்மா. அந்த மனுஷன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? எனக்கு மெடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "உங்களுக்கு வேணாம்னா போங்க மாமா. அவருக்கு வேணுமா வேணாமான்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்? திருட்டுப் பட்டம் கட்டினது அவருக்கு!"

சமையலறையிலிருந்து அத்தை, "அவ சரியாத்தான் கேக்குறா" என்றார். மாமா எழுந்து போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஸ்டோர்க்காரர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் இடத்தில் வேலை பார்த்தார். உள்ளே ஆவியும் சோப்பு வாடையுமாக இருந்தது. காய்ந்த போர்வைகளை எண்ணிக் கட்டி அனுப்புவது அவர் பொறுப்பு. நாங்கள் போனபோது எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு விரலை மட்டும் தூக்கி எங்களை நிற்கச் சொன்னார். ஐம்பது வரை எண்ணினார். கட்டுவார் என்று பார்த்தால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

எண்ணி முடித்ததும், "என்ன வேணும்?" என்றார்.

"அண்ணே, மலை முகாம்ல நான் கிளார்க்கா இருந்தேன். லிஸ்ட் அடிச்சது நான். அதுல என் பேரை நானே விட்டுட்டேன். அந்த நூத்திப் பதினாலாவது ஆள் நான்தாண்ணே." மாமா இதை ஒரே மூச்சில் சொன்னார், பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

ஸ்டோர்க்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மூஞ்சி ஞாபகம் இல்லையே. எங்க உக்காந்து சாப்பிடுவ?"

"உக்கார மாட்டேன். கடைசியா வந்து வாங்கிட்டு டைப்ரைட்டர்கிட்டயே போயிருவேன்."

"தட்டு?"

மாமா தட்டைப் பிடிப்பதுபோல ஒரு கையை நீட்டினார். பிறகு, "ஓரம் நசுங்கினது. ஏறும்போதே லாரியில நசுங்கிருச்சு" என்றார்.

"குழம்பு அந்த வழியா ஒழுகும்! நான் இந்தப் பக்கம் திருப்பிப் பிடிய்யான்னு தினம் கத்துவேன்!"

"ஆமாண்ணே! கத்துவீங்க!"

ஸ்டோர்க்காரர் பக்கத்தில் இருந்த போர்வைக் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நான் நினைத்தேன். திட்டவும் செய்தார். "படுபாவி, ஒரு கடுதாசி போடக்கூடாதா?" என்றார். விசாரணை நடந்ததே தெரியாது என்று மாமா சத்தியம் செய்தார். அது ஸ்டோர்க்காரர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்" என்றார். என்னைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். "எண்ணிக்கை சரிம்மா. அத்தனை பெரிய ஆளுங்க தப்புன்னு சொல்லச் சொல்ல, நானே தப்பா எண்ணிட்டேனோன்னு ஆயிருச்சு. அதுலருந்து எதையும் ஒரு தடவையோட எண்ணி விடமாட்டேன். பஸ் டிக்கெட் மூணு வாங்கினாலும் ரெண்டு தடவை எண்ணுவேன். வீட்டுக்காரி சிரிப்பா. அவகிட்டகூட இதை முழுசா சொன்னதில்ல."

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமா அழுது நான் பார்த்ததில்லை. ஸ்டோர்க்காரர், "சரி விடு, ஆபீஸ் பேப்பர்ல வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். நான் பேனாவை நீட்டினேன். எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே மாமா படிவத்தைப் புதிதாக வாங்கி நிரப்பினார். பிழைக்குப் பொறுப்பானவர் என்ற கட்டத்தில் 'நான்' என்று எழுதி, பக்கத்தில் தன் படை எண்ணையும் எழுதினார். அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் அவரே காபி போட்டார். சகிக்கவில்லை, ஆனால் குடித்தோம்.

நான்கு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை பதிவுத் தபால் வந்தது. உத்தரவில், மேற்படி முகாமில் தொண்ணூற்றேழு நாள் பணியாற்றினார் என்று இருந்தது. மாமா அந்த ஒரு வரியைப் பலமுறை படித்தார். தப்பு எதுவும் கண்டுபிடிக்கவில்லை. சின்ன அட்டைப் பெட்டியில் இருந்த பதக்கத்தை அத்தைதான் எடுத்து அவர் சட்டையில் குத்திவிட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். வீட்டிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கிய மாதிரி எனக்கு இருந்தது.

மறுநாள் சாயங்காலம் என் போன் அடித்தது. எடுத்தால் ஸ்டோர்க்காரரின் மனைவி, பதற்றமாகப் பேசினார்.

"உங்க மாமனாரு இவருகிட்ட என்னம்மா சொன்னாரு? நேத்து ஏதோ தபால் வந்துச்சு, மெடலும் வந்துச்சு. இன்னைக்கு நாலு மணிக்கே வேலையிலருந்து வந்து நிக்கிறாரு. ஏழு மணிக்கு முன்னாடி இவரு வந்ததே கிடையாது. உடம்பு சரியில்லையான்னு கேட்டா சிரிக்கிறாரு. எல்லாத்தையும் ஒரே தடவைதான் எண்ணினேங்கிறாரு. அப்படின்னா என்னம்மா அர்த்தம்?"

"எண்ணிக்கை சரியா இருந்துச்சுன்னு அர்த்தம்மா" என்றேன்.