நீலக் கவசனின் சிமெந்துத்தாள் உறை

என் மகன் கைபேசியில் பார்க்கிற வீரர்கள் எல்லாரும் வர்ணத்தில் பறக்கிறார்கள். எங்கள் காலத்து வீரர்கள் கறுப்பு வெள்ளையில், மட்டமான தாளில் பறந்தார்கள். அட்டைக்கு மட்டும்தான் வர்ணம். வாசித்து முடித்தால் விரல் நுனியெல்லாம் மை. வில்லனுக்கு யாரோ பேனாவால் மீசை வைத்திருப்பார்கள். 'தொடரும்' என்று நிற்கிற கதையின் மிச்சம் எந்தக் காலத்திலும் கைக்கு வராது. அதையெல்லாம் சேர்த்துத்தான் எங்களுக்குப் பிடித்தது என்று சொன்னால், மகன் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறான்.

நான் பிறந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். முகாமுக்கு வெளியே இருந்த பழைய பேப்பர் கடையில் அப்பா வாங்கித் தந்த தடித்த சிறப்பிதழ்தான் என் முதல் சொத்து. அதில் நீலக் கவசன் என்று ஒருவன் வருவான். துப்பாக்கிக் குண்டு பட்டால் ஒரு தடவை தும்முவான், அவ்வளவுதான். அம்மாவுக்கு அவனைக் கண்ணில் காட்டக் கூடாது.

"காற்சட்டைக்கு மேல ஜட்டி போடுறவனிட்ட என்னத்தைப் படிக்கப் போறாய்?" என்பார்.

இலங்கைக்கு, எங்கள் ஊருக்குத் திரும்புவது என்று முடிவான கிழமை, அதே அம்மா ஒரு சிமெந்துப் பைத் தாளை வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அந்தப் புத்தகத்துக்கு உறை போட்டுத் தந்தார். என் பாடப் புத்தகங்களுக்குக்கூட அவர் அவ்வளவு கவனமாக உறை போட்டதில்லை. பிறகு அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, பழைய சேலைத் துண்டால் என் இடுப்பில் கட்டிவிட்டார். படகில் வரும்போது கடல் பொல்லாததாகிவிட்டது. சாமான்களை எறியச் சொல்லிப் படகோட்டி சத்தம் போட்டார். பானை சட்டி போனது, உடுப்பு மூட்டை போனது. அப்பா தங்கள் இருவரின் பத்திரங்கள் இருந்த பையை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டார். என் இடுப்பில் இருந்ததை யாரும் கேட்கவில்லை. கடைசியில் அம்மாவுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

பேசாலையில் பெரியப்பாவின் காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். கூரை ஒழுகும், தரையில் கறையான். புத்தகம் என் தலைமாட்டிலேயே பொலித்தீனுக்குள் கிடந்தது. அதை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். நானும் கொடுக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்த சிநேகிதி தன் மாமாவைப் பற்றிச் சொல்லும்வரை. நறுவிலிக்குளத்தில் வயல் செய்கிற அந்த மாமாவிடம், இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் வந்த வீரர் புத்தகம் ஒன்று இருந்ததாம். இடம்பெயர்ந்த நேரமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டே திரிந்தாராம். இரண்டு கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாள். நான் மயங்கிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிடும்போது, அந்தப் புத்தகத்தைக் கொண்டுவா என்றார் அம்மா. நான் வெறுங்கையோடு வந்து நின்றேன்.

"எங்கயடி?"

"குடுத்திட்டன்."

அம்மா அடிக்கவில்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. உறைக்கும் அட்டைக்கும் நடுவில் என் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. மறுநாள் நடமாடும் சேவைக்காக அரசாங்க அலுவலர்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை எடுக்க அந்த மூலத்தாளைக் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் நான் இந்த நாட்டுப் பிள்ளையும் இல்லை, அந்த நாட்டுப் பிள்ளையும் இல்லை. பிரதி ஒன்றும் எங்களிடம் இருக்கவில்லை.

பூசை முடிந்ததும் சிநேகிதியிடம் வழி கேட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். மன்னாரில் இறங்கி இன்னொரு பஸ். அம்மா அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிமெந்துத்தாளை யாரும் வைத்திருப்பார்களா, கிழித்து அடுப்புக்குள் போட்டிருப்பார்கள் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

மாமா வயல் வரம்பில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் நீலக் கவசனின் அட்டை வெயிலில் பளபளத்தது. உறையைக் காணவில்லை. உறைக்குள் இருந்த தாள் எங்கே என்று நான்தான் திக்கித் திக்கிக் கேட்டேன்.

அவர் எங்களை வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கதிரையில் இருத்தினார். அலுமாரியைத் திறந்து, வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்துத் தந்தார்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. மட்டைப் படத்தைப் பாக்காமல் இருக்கேலாமல் போச்சு. கிழிக்கேக்க இது வந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரத்தான் இருந்தனான்."

அம்மா முத்திரையைப் பார்த்தார், என் பெயரைப் பார்த்தார், பிறகு தாளை முந்தானையில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னும் பத்துப் பக்கம்தான் கிடக்கு, முடிச்சிட்டுத் தரட்டோ?" என்று கேட்டபோது, "ஓம், ஆறுதலா வாசியுங்கோ, நாங்கள் இருக்கிறம்" என்றார். நரை விழுந்த ஒரு மனிதர் நீலக் கவசனின் கடைசிச் சண்டையை வாய் அசைத்து வாசித்தார். அவர் முடிக்கும்வரை அம்மா பிளேன் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு குடியுரிமையும் எடுத்தாயிற்று. புத்தகத்தை மாமாவுக்கே கொடுத்துவிட்டேன்.

போன மாதம் மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. உங்கள் பத்திரங்கள் அப்பாவின் பையில் இருக்க, என்னுடையதை மட்டும் ஏன் என் இடுப்பில் கட்டினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"வேற எதை விட்டாலும் அந்தப் புத்தகத்தை நீ விடமாட்டாய். கடலில ஏதும் நடந்தால், எடுக்கிற ஆக்களுக்கு நீ ஆரின்ர பிள்ளை எண்டு தெரிய வேணும்தானே."

படகில் வந்த வழியெல்லாம் அம்மா என் இடுப்புக் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. அவருக்கும் நீலக் கவசனைப் பிடித்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன்.