ஆப்பிரிக்காவின் உயிர்மெய்

எங்கள் தெருமுனைக்குத் தினமும் காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். தாயில்பட்டியில் பாதிப் பேர் அதில் ஏறித்தான் பட்டாசுக் கம்பெனிக்குப் போவார்கள். அம்மாவும் அதில்தான். நான் மட்டும் எதிர்ப்பக்கம் நின்று சிவகாசி பஸ் பிடிப்பேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அம்மா ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தாள். அவள் கையில் ஒட்டிய வெடிமருந்து என் கையில் ஒட்டக் கூடாது. யார் யாரிடமோ சொல்லி என்னை ஓர் அச்சகத்தில் சேர்த்துவிட்டாள். அந்த வேலை போனால் எனக்கும் அந்த வேன்தான் என்று தெருவுக்கே தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. அச்சகத்தில் நான் பிலிம் ஒட்டும் பிரிவில் இருந்தேன். அடியில் டியூப் லைட் எரியும் கண்ணாடி மேஜை. அதன்மேல் பிலிமை வெட்டி, இடம் பார்த்து ஒட்டித் தரவேண்டும். அதிலிருந்துதான் மிஷினில் ஏற்றும் பிளேட் தயாராகும். எங்கள் மேஜைக்கு வராத மொழி இல்லை. ஒன்றையும் படிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் ஒட்டுவோம். அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். இந்திக்குக் கொடித்துணி, மேல்கோட்டில் தொங்குவதால். சீன எழுத்துக்குத் தீப்பெட்டி, ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருப்பதால். உருதுவுக்கு எதிர்பஸ், அது வலப்பக்கமிருந்து வருவதால்.

பிலிம் இரண்டு பக்கமும் தெரியும். புரட்டி ஒட்டிவிட்டால் கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் இடம் வலமாகிவிடும். தமிழென்றால் பார்த்ததும் பிடித்துவிடலாம். தெரியாத எழுத்தென்றால்? பிளேடு நுனியால் ஓரத்தில் லேசாகக் கீறுவோம். கறுப்பு உரிந்து வரும் பக்கம் கீழே இருக்கவேண்டும். அதுதான் எங்கள் பிரிவின் சட்டம்.

எனக்குக் கொஞ்சம் துருதுருப்பு அதிகம். ஒட்டினோமா போனோமா என்று இருக்கமாட்டேன். உருதுக் காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த ஐயா ஒருவரிடம், "இதுல கா, கி எல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டேன். பாதி உயிரெழுத்தை எழுதவே மாட்டோம், படிப்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலையாளம், இந்தி, சிங்களம் எல்லாம் நம்மைப் போல எழுத்தோடு குறியை ஒட்டுகிறவை. இங்கிலீஷ் உயிரையும் மெய்யையும் தனித்தனியாக நிறுத்தி வரிசை கட்டும். தீப்பெட்டியோ ஒரு சொல்லையே ஒரு கட்டத்துக்குள் போட்டு அடைத்துவிடும். உலகம் எத்தனை விதமாக யோசித்திருக்கிறது என்று எண்ணும்போது எங்கள் கண்ணாடி மேஜையைப் பற்றி எனக்கு ஏக கர்வம்.

அப்போதுதான் எத்தியோப்பியாவிலிருந்து, பம்பாய் ஏஜெண்ட் வழியாக, குழந்தைகளுக்கான எழுத்து அட்டவணை ஆர்டர் வந்தது. பிலிமை வேறு ஊரில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பக்கத்து மேஜையில் கீறிப் பார்த்து ஒட்டினார்கள். மத்தியானம் மிஷினில் முதல் தாள்கள் விழுந்துகொண்டிருந்தபோது நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.

வரிசை வரிசையாக எழுத்து. ஒவ்வொரு வரிசையிலும் ஒரே எழுத்துதான், சின்னச் சின்ன மாற்றத்தோடு. ஒன்றுக்கு இடுப்பில் ஒரு கை முளைத்திருந்தது, ஒன்றுக்குக் காலில். இன்னொன்றின் காலடியில் வளையம். க, கா, கி, கீ! கடல் தாண்டி யாரோ நம் உயிர்மெய்யைப் போலவே ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கைகொட்டிச் சிரிக்கலாம் போலிருந்தது. மறுநொடியே தாளை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தேன். ஒன்றும் முளைக்காத வெறும் எழுத்து வலது கடைசியில் நின்றது. கை கால் எல்லாம் இடப்பக்கம் நீண்டிருந்தன.

"அண்ணாச்சி, மிஷினை நிறுத்துங்க. பிலிம் பொரண்டு கெடக்கு" என்றேன்.

போர்மேன் அண்ணாச்சி ஓடிவந்தார். "கீறிப் பாத்துத்தானே ஒட்டிருக்கு? இதுவும் எதிர்பஸ்ஸா இருக்கும் தாயி."

"குறி ஒட்டுற எழுத்து எதுவும் எதிர்பஸ்ஸா வந்து நான் பாத்ததில்ல அண்ணாச்சி. எல்லாம் நம்மள மாதிரி இடப்பக்கமிருந்துதான் போகுது. பிலிம் எடுத்த எடத்துலயே பக்கம் மாறியிருக்கும்."

"அந்தப் பாசை ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

காலண்டர் சீசனில் மிஷினை நிறுத்துவதென்றால் சும்மா இல்லை. ஆனாலும் அண்ணாச்சி நிறுத்தினார். முதலாளி வந்து கத்தினார். பம்பாய்க்கு பேக்ஸ் போயிற்று. பதில் வரும்வரை நான் வீட்டில் இருக்கவேண்டும், நான் சொன்னது தப்பென்றால் வரவே வேண்டாம் என்றார்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி தெருவுக்கு வந்திருந்தது. வேன் டிரைவர் வாசலிலேயே நின்றார். "தீபாவளி லோடு நெருக்குது, ஆள் பத்தல. மகளையும் ஏத்தி விடுங்கக்கா." அம்மா என்னை உள்ளே அழைத்துப் போனாள். சோறு போடும்போது என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ சொன்னது சரியா?"

"சரிதாம்மா."

"அப்பச் சோத்தத் தின்னு."

எனக்கு இறங்கவில்லை. கிணற்றில் விழுந்த கல் மாதிரி பம்பாயிலிருந்து பதிலே இல்லாமல் நாள் போயிற்று. மறுநாளும் வேன் வந்து எனக்காக ஒரு தரம் கூடுதலாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது. என் ஊகம் தப்பாகவும் இருக்கலாமே என்று பயந்து செத்தேன்.

அன்று சாயங்காலம் பக்கத்துக் கடைப் போனுக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். "தாயி, காலைல கெளம்பி வா. அந்த ஊருக்காரங்களே முதல் வரிசையைக் கைப்பட எழுதி பேக்ஸ் அனுப்பியிருக்காக. வெறும் எழுத்து இடப்பக்கம் நிக்கிது. அதுலருந்து வலப்பக்கமா அம்புக்குறி வேற போட்டிருக்காக. பிளேட்டை மாத்தணும், நீயே வந்து பிலிமைத் திருப்பி ஒட்டு."

கடைக்காரர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை வேன் வந்தது. "என்னக்கா, மக வாராளா? எடம் போட்டு வச்சிருக்கேன்" என்றார் டிரைவர்.

அம்மா படியில் கால் வைத்தபடியே, வேனில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அவளுக்கு எங்கன தம்பி நேரம்? ஆப்பிரிக்காவுல அம்புட்டுப் பிள்ளைகளும் எம்மக வந்து எழுத்தை நேராக்கிக் குடுப்பான்னு காத்துக் கெடக்கு. நீ வண்டிய எடு."

நான் எதிர்ப்பக்கம் போய் பஸ்ஸுக்கு நின்றேன்.