மாங்குளத்தில் புறப்பட்டது எந்த ரயில்?

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போகும் ரயில், தண்டவாளம் ஒன்றே என்பதால், எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட மாங்குளத்தில் நிற்பதுண்டு. போன வருடம் மாசியில் அப்படி நின்றபோது, பக்கத்து ரயில் நகர்ந்ததைப் பார்த்து எங்கள் ரயில்தான் புறப்பட்டுவிட்டதென்று கத்தி, பெட்டி முழுவதையும் சிரிக்க வைத்தேன். கண் ஏன் அப்படி ஏமாறுகிறது என்று பிறகு புத்தகம் தேடி வாசித்தேன்.

இந்த ஆவணியில் மறுபடியும் மாங்குளம். மனைவி கச்சான் கடலை வாங்க இறங்கியிருந்தார். பக்கத்து ரயிலின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின. நான் அசையவில்லை.

"அண்ணை, ரயில் வெளிக்கிட்டிட்டுது! அக்கா கீழ நிக்கிறா!" என்றார் எதிரே இருந்த பெண்.

"பதறாதேங்கோ தங்கச்சி. மற்ற ரயில்தான் போகுது. இது கண் செய்யிற ஏமாத்து."

"அப்ப அக்கா ஏன் ஓடுறா?"

மறுபக்க ஜன்னலால் பார்த்தேன். மேடையும் நகர்ந்துகொண்டிருந்தது. அதில் என் மனைவி கச்சான் பையோடு ஓடி வந்துகொண்டிருந்தார். நான் கதவடிக்குப் போவதற்குள் மேடை முடிந்து காடு வந்துவிட்டது.

அவர் ஏறினாரா இல்லையா என்று தெரியாமல் கதவடியிலேயே நின்றேன். புளியங்குளத்துக்குச் சற்று முன்னர், கடைசிப் பெட்டியில் யாரோ கைகொடுத்து ஏற்றிவிட்ட மனைவி, பெட்டி பெட்டியாக நடந்து வந்து சேர்ந்தார். 'கண் செய்யிற ஏமாத்து' என்று நான் சொன்னதை அந்தப் பெண் அவரிடம் சொல்லிச் சிரித்தார். மனைவி என்னைத் திரும்பியும் பார்க்காமல் அவரிடம் கச்சானை நீட்டினார்.

"அண்ணைக்கும் குடுங்கோவன் அக்கா."

"அவருக்கு வேண்டாம். பாத்துக்கொண்டிருக்கட்டும், சாப்பிட்ட மாதிரியே இருக்கும்."