மாமனார் கொண்டுவந்த துப்பாக்கி

துப்பாக்கி லைசென்ஸ் எழுதும் கிராணியிடம் வருகிறவர்கள், குழாயை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டி வைத்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தபால், ரயில் டிக்கெட், தோட்டத்து ஆள்கணக்குச் செக்ரோல் என்று எதை எழுதினாலும் நீங்களும் என் இனம்தான். என்ன, உங்கள் ஆட்கள் உங்களை வாயால் மட்டும் சுடுவார்கள்.

முப்பதுகளில் கிள்ளான் போலீஸ் ஆபீசில் நான் அந்த நாற்காலியில் இருந்தேன். ஒரு வருஷம், தமிழ்ப் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிய ஒரு புது துரை வந்து ஓர் உத்தரவு போட்டார். பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து வீட்டில் கிடக்கும் துப்பாக்கிகளை எல்லாம் மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதுவரை கேள்வி இல்லை; அதற்குப் பிறகு அகப்பட்டால் ஜெயில். உத்தரவை என் கையில் கொடுக்கும்போது, "உன் வீட்டில் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். "இல்லை துரை" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

பாய்க்குள் வந்தது

மூன்றாம் நாள் என் மாமனார் வந்து இறங்கினார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். இனி மகள் வீட்டோடு இருந்துவிடுவது என்று முடிவு. பாயை விரித்தால் உள்ளே ஒரு நீளத் துப்பாக்கி! அவருடைய தாத்தா சிவகங்கைப் பக்கம் ஒரு ஜமீனில் காவலுக்கு நின்றவராம். இதால் புலி சுட்டாராம். அப்பா இதைக் கப்பலில் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தாராம். லைசென்ஸ்? அந்த ஞாபகம் மட்டும் மூன்று தலைமுறையாக யாருக்கும் வரவில்லை.

துப்பாக்கிக் கிராணி வீட்டிலேயே லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி! துரை முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று வேறு சொல்லியிருக்கிறேன். தெரிந்தால் வேலை போய்விடும். ஆபீசுக்குக் கொண்டுவந்து பதிந்துவிடுங்கள், நான் துரையிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று மாமனாரிடம் கெஞ்சினேன். அவர் துப்பாக்கியை மடியில் போட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "புலியைச் சுடறதுக்கே எங்க தாத்தா யார்கிட்டயும் சீட்டு வாங்கலே மாப்பிள்ளே. ஆணியில சும்மா தொங்குறதுக்கா வாங்கணும்?"

வயது தொண்ணூற்றாறு

பந்திங்கிலிருந்து ரெங்கசாமி என்று ஒரு வாலிபர் வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினால், பந்திங் ரெங்கசாமிக்கு வயது தொண்ணூற்றாறு. எதிரே நிற்பவருக்கு இப்போதுதான் மீசை கறுக்கிறது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. லைசென்ஸ் தாத்தா பெயரில். தாத்தா போய்ச் சேர்ந்தாயிற்று. ஆனால் நம் வழக்கப்படி பேரனுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். அதோடு லைசென்ஸ் விவகாரமும் முடிந்தது என்று குடும்பமே நினைத்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த கிராணிகளும் பெயர் சரியாகத்தான் இருக்கிறது என்று வருஷா வருஷம் முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

செத்தவர் லைசென்ஸை நீட்டிக்க முடியாது, புதிதாக விண்ணப்பம் எழுத வேண்டும் என்றேன். வாலிபர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எதுக்கு கிராணி வீண் வேலை? வயசை மட்டும் குறைச்சிப் போட்டுருங்க லா. என் மகனுக்குத்தான் எங்க அப்பா பேரு வைக்கணும், அப்பதான் சிக்கல் வரும்."

குழாயில் சந்தனம்

வருகிற துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்க்க சார்ஜன் கர்த்தார் சிங் இருந்தார். தாடியும் சிரிப்புமாக ஆறடி ஆள். கேரி தீவுத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் கொண்டுவந்த துப்பாக்கியை வாங்கி, ஒரு கண்ணை மூடிக் குழாய்க்குள் பார்த்தார். வெளிச்சமே தெரியவில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் மஞ்சளாகக் கட்டி கட்டியாக உதிர்கிறது. ஆபீஸ் முழுக்கக் கோயில் வாசனை.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் குழாயின் வாயில் ஒரு உருண்டை சந்தனம் அப்பி, குங்குமம் வைத்துக் கும்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். பழைய சந்தனத்தை எடுப்பது அபசாரம் என்பதால், அதை உள்ளே தள்ளிவிட்டுப் புதிதை வைப்பார்களாம். சுட்டிருந்தால் குழாய் வெடித்திருக்கும். நல்லவேளை, கும்பிட்டதோடு விட்டிருந்தார்கள். சார்ஜன் கம்பியை ஓங்கினார். கங்காணி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பார்த்துக் குத்துங்க சார்ஜன்! மேலே இருக்கிறது நான் வெச்சது, அதுக்கு உள்ளே இருக்கிறது எங்க அப்பா வெச்சது!"

பாகப்பிரிவினை

கெடுவுக்கு இன்னும் நாலு நாள். மாமனார் மசியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வெறும் இரும்புக் குழாயை மட்டும் கொண்டுவந்து லைசென்ஸ் கேட்டார். மறுநாள் இன்னொருவர் வெறும் கட்டையை மட்டும் கொண்டுவந்து லைசென்ஸ் கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அண்ணன் தம்பி! அப்பா சொத்தைப் பிரிக்கும்போது துப்பாக்கியையும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

இருவரையும் சேர்த்து வரவழைத்தேன். இரண்டையும் பொருத்தி யாராவது ஒருவர் பெயரில் எழுதிக்கொள்ளுங்களேன் என்றேன். அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். பிறகு அண்ணன்தான் வாயைத் திறந்தார்: "முழுசா ஒருத்தன் கையில இருந்தா இன்னொருத்தன் கதி என்னாகும் கிராணி? எங்க அப்பா எங்களைத் தெரிஞ்சுதானே பிரிச்சுக் குடுத்தாரு!"

கடைசிச் சனிக்கிழமை

வரிசையில் மாமனார் நிற்கிறார்! தோளில் துப்பாக்கி, தலையில் ரயில்வே தொப்பி. நான் கிளம்பிய பிறகு என் மனைவி அடுப்படியில் அழுததைப் பார்த்துவிட்டாராம். அந்த அழுகைக்குத்தான் மனிதர் அசைந்திருக்கிறார். துரையோ என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "விலாசம்?" என்று கேட்காமலே தாண்டிவிடப் பார்த்தேன். மாமனார் தானாகவே என் வீட்டு விலாசத்தைக் கணீரென்று சொன்னார். துரை மெதுவாக என் பக்கம் திரும்பினார். "உன் வீட்டில் இல்லை என்றாயே?" வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அதற்குள் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்த கர்த்தார் சிங் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். குழாய்க்குள் மருந்து கெட்டித்தால் அதற்கு நெருப்புப் போக ஒரு துளை வேண்டும். இதில் அந்தத் துளையே இல்லை. செய்தவன் போடவே இல்லை. வாசல் காவல்காரன் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதற்கென்று செய்த பொம்மை அது! சுட முடியாததற்குச் சட்டத்தில் துப்பாக்கி என்று பெயரில்லை. நான் விறைப்பாக எழுந்து நின்று, "இப்போதும் இல்லை துரை" என்றேன். துரைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்கு சார்ஜனின் தாடியைப் பிடித்துக்கொண்டு கும்மியடிக்க வேண்டும் போலிருந்தது.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷத்தில் அவருடைய புலி போய்விட்டது. முகம் சுண்டிப்போய் அவர் நின்றதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. லைசென்ஸ் தேவையில்லை, தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அத்தனை நாள் லைசென்ஸ் வேண்டாம் என்று அடம்பிடித்த மனிதர் இரண்டு கையாலும் கவுன்டரைப் பிடித்துக்கொண்டார். "ஊரு சனம் அத்தனைக்கும் குடுத்துட்டு எனக்கு மட்டும் இல்லேன்னா என்ன அர்த்தம்? லைசென்ஸ் குடுக்காம நான் இங்கேருந்து நகரமாட்டேன்!"

முத்திரை

துரை நல்ல மனிதர். பெரியவருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார். 'இது இவருடைய பரம்பரைத் துப்பாக்கி. சர்க்காரால் பார்வையிடப்பட்டது. சுடாது' என்று நல்ல தாளில் எழுதினேன். மாமனார் அதை ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகத்தில் கொஞ்சம் களை வந்தது. பிறகு துரைக்குக் கேட்காதபடி கவுன்டர்மேல் குனிந்து என் காதில் சொன்னார்: "எல்லாம் சரியா இருக்கு மாப்பிள்ளே. அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் கொஞ்சம் பொடி எழுத்துல எழுதிக் குடுத்துருங்க."

என் சர்க்கார் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே தில்லுமுல்லு அதுதான். கையெழுத்துப் போடும்போது அந்த வார்த்தையைத் தேட துரைக்கே பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.